மருந்து விடாத வரிசை

மலேரியாவுக்குச் சாப்பாடு போட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஹனோவரில் ஓர் ஆய்வுகூடத்தின் வளர்ப்பறை என் பொறுப்பு. மனித இரத்தத்தின் சிவப்பணுக்களைத் திரவத்தில் மிதக்கவிட்டு, உடற்சூட்டில் வைத்து, அவற்றுக்குள் மலேரியா ஒட்டுண்ணியை வளர்ப்பதுதான் வேலை. நாளாந்தம் பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்றவேண்டும். அது அணுக்களைத் தின்று முடிப்பதற்குள் புது இரத்தம் விடவேண்டும். ஞாயிறு, நத்தார்ப் பண்டிகை என்று அதற்கு ஒரு விடுமுறையும் கிடையாது.

டுசல்டோர்ஃபில் இருக்கும் என் மாமிக்கு, அதாவது என் கணவரின் தாய்க்கு, இதைவிடப் பெரிய பகிடி உலகத்தில் இல்லை. "ஊரில நாங்கள் நுளம்புக்குப் பயந்து வலைக்குள்ள படுத்தனாங்கள். இவள் என்னடாவெண்டால் மலேரியாவுக்குச் சோறு தீத்திக்கொண்டிருக்கிறாள்" என்று போனில் ஊருக்கெல்லாம் சொல்லுவார். அந்த நேரத்தில் ஒரு பிள்ளையைப் பெற்று அதற்குத் தீத்தியிருக்கலாம் என்பது அடுத்த வசனம். அதையும் எனக்குக் கேட்கத்தான் சொல்லுவார்.

ஆய்வுகூடத்தில் எனக்கு வாய்த்த எதிரி மதுரைப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு டொக்டர். மருந்து எழுதுகிற டொக்டர் இல்லை, படித்து வாங்கிய டொக்டர். நாங்கள் இரண்டு பேரும் தமிழ் என்பதால் ஒட்டிப் பிறந்த சகோதரங்கள் என்று ஜெர்மன்காரர் நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அவரைக் கண்ணிலும் காட்டக்கூடாது. ஆமாம் என்பதற்கு நான் "ஓம்" என்றால் அவர் "நமச்சிவாய" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். ஒரு தடவை சொன்னால் பகிடி. கிழமைக்கு ஐந்து நாளும் சொன்னால் அது வாய்க்கொழுப்பு.

அவர் ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒரு பக்கக் குழிகளில் மருந்து கடுமையாக இருக்கும். வரவரக் குறைந்து, கடைசி வரிசையில் மருந்தே விடமாட்டார்கள். எல்லாக் குழியிலும் நான் வளர்த்த ஒட்டுண்ணியை விட்டு இரண்டு மூன்று நாள் வைத்துவிட்டு, எந்தக் குழியில் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளப்பார்கள். மருந்து விடாத வரிசையில் அது கொழுத்து வளர்ந்திருக்கவேண்டும். அப்போதுதான் மற்றக் குழிகளில் அது செத்ததற்கு மருந்துதான் காரணம் என்று சொல்லலாம். அந்த வரிசை என் வரிசை. அது சரியாக வளர்ந்தால் ஒருவரும் என்னைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். வளராவிட்டால் எல்லா விரலும் என் பக்கம்தான் நீளும்.

அந்த வசந்தத்தில் எனக்கு நிரந்தர வேலை தருவதா இல்லையா என்று தீர்மானிக்க இருந்தார்கள். அதுவரைக்கும் வருடத்துக்கு வருடம் ஒப்பந்தம் நீட்டி நீட்டி என்னை அந்தரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். பேராசிரியை வாயால் சொல்லிவிட்டார், வளர்ப்பறை ஒழுங்காக ஓடினால் இடம் உனக்குத்தான் என்று. என் கணவரின் உழைப்பு ஒரு வெதுப்பகத் தொழிற்சாலையில், மாவும் சூடும் தூக்கும் பாரமும். அவருக்குக் கை அடிக்கடி வீங்கும். வேலைக்களை என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டு பேரில் ஒருவருக்காவது உறுதியான வேலை வேண்டும் என்று நான் நித்திரையில்கூட நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

இந்த நேரம் பார்த்து இரத்த வங்கியில் தட்டுப்பாடு. எங்களுக்கு ஓ வகை இரத்தம் வேண்டும். வங்கி கையை விரித்ததும், ஆய்வுகூடத்து ஆட்களும் அவர்களுடைய வீட்டு ஆட்களும் கொடுக்கலாம் என்று பேராசிரியை அனுமதி எடுத்துத் தந்தார். நான் வேறு வகை. என் கணவர் ஓ. நான் ஓடிப்போய் முதல் ஆளாக அவருடைய பெயரைச் சொன்னேன். என் வரிசைக்கு என் வீட்டு இரத்தம் என்று ஒரு பெருமை, ஒரு புளுகம் வேறு.

இரத்தம் கொடுக்க நேரம் குறித்த அந்த டெர்மீனுக்கு அவரோடு நானும் போனேன். வேலைத்தலத்து வைத்தியர் ஒரு ஜெர்மன் பெண். நாளாந்தம் ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்று என் கணவரிடம் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார்.

நான் சின்ன வயதிலேயே இந்த நாட்டுக்கு வந்தவள். அப்பாவுக்கு அலுவலகங்களில், அம்மாவுக்கு வைத்தியரிடத்தில், பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிரசவ விடுதியில்கூட நான்தான் மொழிபெயர்ப்பாளர். ஜெர்மன்காரர் வாயைத் திறந்து கேள்வியை முடிப்பதற்குள் என்னிடம் பதில் தயாராக இருக்கும். எங்களோடு வளர்ந்த பிள்ளைகள் எல்லாருக்கும் இந்த வருத்தம் உண்டு. என் கணவருக்கு ஜெர்மன் ஓரளவு தெரியும். இருந்தும் அவர் பார்த்த பார்வைக்கு என் வாய் முந்திக்கொண்டது.

"ஒன்றும் இல்லை. தலையிடிக்குக்கூடக் குளிசை போடாத மனிதர்" என்றேன். பெருமையாக வேறு சொன்னேன். வைத்தியர் சிரித்தார். என் கணவரும் சிரித்துக்கொண்டு சட்டைக் கையை மடித்தார்.

அந்தப் பை இரத்தத்தைக் கழுவி வளர்ப்புக்குள் விட்டேன். அடுத்த கிழமையே கரைச்சல் தொடங்கியது. சாயம் போட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், அணுவுக்குள் சின்ன மோதிரம் மாதிரித் தெரியவேண்டிய ஒட்டுண்ணி சுருங்கிக் கறுத்த புள்ளியாகக் கிடந்தது. புதிதாக விட்டதும் சுருங்கியது. டொக்டரின் தட்டில், மருந்து விடாத என் வரிசை வெறுமையாகக் கிடந்தது.

"மேடம், கன்ட்ரோல்லயே க்ரோத் இல்ல. இந்த டேட்டாவ வெச்சு நான் என்ன பண்றது? ஃப்ரேம் போட்டு மாட்டவா?"

"பாக்கிறன்."

"பாக்கறேன் பாக்கறேன்னு மூணு ப்ளேட் போச்சு. கை சுத்தமா வெச்சுக்கறீங்களா? பேசிக் விஷயம்ங்க அது."

கைச் சுத்தமாம்! பல வருடம் அந்த அறையில் ஒரு பூஞ்சணம் பிடிக்கவிடாதவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? எனக்கு வந்த விசருக்குத் தட்டை அவருடைய தலையில் கவிழ்த்திருப்பேன். ஆனால் பதில் இல்லாதவள் கத்தக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு அறைக்குள் போனேன். திரவத்தை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலந்தேன். தண்ணீரை மாற்றினேன். சூட்டுப்பெட்டியைக் கழற்றிக் கழுவினேன். ஒரு கோதாரியும் நடக்கவில்லை. அந்த ஆள் பேராசிரியையிடம் போய் முறைப்பாடு வைத்தார். வெள்ளிக்கிழமை மூன்று பேரும் இருந்து கதைப்போம் என்று பேராசிரியை சொன்னார். அந்தக் குரலிலேயே என் நிரந்தர வேலை பாதி கழன்றுவிட்டது எனக்கு விளங்கியது.

எனக்குத் துப்புக் கொடுத்தது வேறு ஒரு குடுவை. வளர்ப்பறையில் இரண்டு இன ஒட்டுண்ணி வைத்திருக்கிறோம். ஒன்று, குளோரோகுயின் என்ற பழைய மலேரியா மருந்து பட்டாலே செத்துவிடும். மற்றது அதைத் தாங்கப் பழகியது. சாதாரண அளவு மருந்தை அது சட்டையே செய்யாது. டொக்டர் சோதனைக்கு எடுத்தது முதலாவது இனம். இரண்டாவதை நான் வழக்கம்போல அதே இரத்தத்தில், அதே திரவத்தில், அதே பெட்டியில் வைத்திருந்தேன். செத்துக்கொண்டிருந்ததைக் கவனித்ததில் அதை மறந்தே போனேன். புதன்கிழமை எடுத்துப் பார்த்தால், அது நல்லாக் கொழுத்துப்போய் இருந்தது.

எனக்கு முதலில் சந்தோசம்தான் வந்தது. என் கையில் பிழை இல்லை. கையில் பிழை என்றால் இரண்டும் செத்திருக்கும். அடுத்த நிமிசம் அந்தச் சந்தோசம் அடியோடு போனது. ஒன்று சாகிறது, மற்றது வாழ்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு மருந்துதான்.

அந்த மருந்து செய்கிற வேலை எனக்குப் பாடம். ஒட்டுண்ணி அணுவுக்குள் இருந்து எங்கள் இரத்தச் சிவப்பைத் தின்னும். தின்றதில் ஒரு நச்சுக் கழிவு மிஞ்சும். அதைத் தனக்குத் தீங்கில்லாத பளிங்காகக் கட்டி ஒரு மூலையில் ஒதுக்கிவைக்கும். மருந்து அந்தக் கட்டுகிற வேலையைத் தடுத்துவிடும். பிறகு ஒட்டுண்ணி தன் கழிவிலேயே நஞ்சேறிச் சாகும், குசினித் தொட்டி அடைத்தால் வீடு நாறுகிற மாதிரி. மருந்தைத் தாங்குகிற இனம் அந்த மருந்தைத் தன் வயிற்றுக்குள் இருந்து வெளியே தள்ளிவிடப் பழகியது. ஆக, நான் ஊற்றாத ஒரு மருந்து என் வரிசைக்குள் இருந்தது. எவ்வளவு கழுவினாலும் அணுவுக்குள் கொஞ்சம் தங்கிவிடும் மருந்து அது. வங்கியின் பழைய இரத்தம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் முதலாவது இனத்தை விட்டு வைத்தேன். வியாழக்கிழமை பார்த்தபோது அது வடிவாக வளர்ந்திருந்தது. அப்படியென்றால் பிழை என் கணவருடைய இரத்தத்தில்.

சந்தேகத்துக்கு இனி இடம் இல்லை. நாங்கள் ஊருக்குப் போய்க் கனகாலம். பயணத்துக்கு என்று குளிசை போட்டிருக்க முடியாது. வீட்டுக்குப் போகிற ட்ராமில் யோசித்துக்கொண்டு இருந்தேன். இந்த மருந்தும் இதன் கூடப்பிறந்த மருந்தும் மலேரியாவுக்கு மட்டும் இல்லை, மூட்டுவாதத்துக்கும் கொடுப்பார்கள். வீங்குகிற கை. மாதம் தவறாமல் "அம்மாவைப் பாத்திட்டு வாறன்" என்று டுசல்டோர்ஃபுக்கு ஓடுகிற ஓட்டம். வருடத்துக்கு ஒரு தடவை அங்கே கண் வைத்தியரிடம் காட்டி, கண்ணுக்கு மருந்து விட்டு, வெளிச்சம் பார்க்க ஏலாமல் வருவார். இந்தக் குளிசை போடுகிறவர்களுக்குத்தான் கண்ணைச் சோதிப்பார்கள். எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் கிடந்திருக்கிறது. எனக்கு இருந்த ஆத்திரத்தில் இரண்டு தரிப்பு தாண்டித்தான் இறங்கினேன்.

அவர் வேலையால் வந்து, மா படிந்த சப்பாத்தோடு வாசலில் இருந்தார்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் என்ன குளிசை போடுறீங்கள்?"

அவர் என்ன குளிசை என்று கேட்கவில்லை. "உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

"ஆரும் சொல்லேல்லை. மலேரியா சொன்னது."

வேலைப் பையைத் திறந்து, சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் இருந்து ஒரு மிட்டாய்த் தகரத்தை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே வெள்ளைக் குளிசைகள். மூட்டுவாதமாம். கலியாணத்துக்கு முதலே இருக்கிறதாம். டுசல்டோர்ஃப் வைத்தியர்தான் பார்க்கிறாராம், ஹனோவரில் எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும் என்று.

"அப்ப இரத்தம் குடுக்கப் போன இடத்தில கேக்கேக்க ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"நான் பொய் சொல்லேல்லை. நான் வாயே திறக்கேல்லை. நீதானே இல்லையெண்டு சொன்னனீ."

சீ! அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. என்னை வைத்தே என்னை ஏமாற்றிப் பேய்க்காட்டியிருக்கிறார். அந்தக் குளிசை எதற்குக் கொடுப்பது, எதைக் கொல்லும் என்று வீட்டுக்குள் தெரிந்த ஒரே ஆள் நான். அந்த ஒரே ஆளுக்குத்தான் மறைத்திருக்கிறார்கள்.

அவர் தாயைப் போனில் எடுத்து நடுவில் வைத்தார். என்னைச் சமாளிக்கத் தனி ஆளாக ஏலாது அவருக்கு.

"உதென்ன பெரிய வருத்தமே?" என்றார் மாமி. "சும்மா மூட்டு நோவு. வன்னியில நாங்கள் கைநிறைய அள்ளிப் போட்ட மலேரியாக் குளிசைதானே அது. உனக்குத்தானே மலேரியாவில விருப்பம்."

"மாமி, பகிடி விடாதேங்கோ. ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீ கட்டியிருப்பியே?"

"கட்டியிருப்பனோ இல்லையோ, அதை நானெல்லோ யோசிச்சிருக்கவேணும்? உங்கட பிள்ளைக்குக் கை நொந்தால் நான் தைலம் தேய்ச்சு விட்டிருப்பன். ஆராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாமே!"

"ஏன், உன்ர அம்மாவுக்குத் தெரியுமே. அவவிட்ட மறைக்கேல்லை நாங்கள்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் குளிசைத் தகரத்தைப் பார்த்தார். நான் என் போனை எடுத்து அம்மாவுக்கு அடித்தேன். அம்மா ஹனோவரில்தான், அடுத்த பேட்டையில் இருக்கிறா.

"அம்மா, இவருக்கு மூட்டுவாதம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"நீ சாப்பிட்டியே பிள்ளை?" என்றா அம்மா.

போனை வைத்துவிட்டு நான் அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், மூக்கு வடிய அழுதேன். அவர் பக்கத்தில் வந்து நின்று, நாளைக்கு அங்கே சொல்லிவிடாதே என்று கெஞ்சினார். அந்த இந்தியாக்காரனுக்குத் தெரிந்தால் கோயில் வரைக்கும் கதை போய்விடுமாம். ஆட்களுக்கு முன்னால் எப்படி முழிக்கிறது என்று கேட்டார். வேறு ஏதாவது காரணம் சொல்லு என்றார்.

"வேற காரணமெண்டால் ஒண்டுதான் இருக்கு. என்ர கை ஊத்தை. அதைச் சொல்லட்டோ?"

அவர் குளிசைத் தகரத்தை எடுத்து மூடினார்.

வெள்ளிக்கிழமை பேராசிரியையின் அறையில் மூன்று பேர். நான் இரண்டு குடுவையின் படங்களையும் வங்கி இரத்தத்தின் படத்தையும் வைத்தேன். இரத்தம் கொடுத்தவர் இந்த மருந்து எடுக்கிறார், எனக்கு நேற்றுத்தான் தெரியும் என்று சொன்னேன். கொடுத்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். நான்தானே பெருமையடித்துக் கூட்டிக்கொண்டு வந்தவள். பேராசிரியை படங்களைப் பார்த்து முகம் மலர்ந்து, இது மிக அழகான விளக்கம் என்றார். அழகாம்! பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படங்களை மெல்லக் கவிழ்த்து வைத்தார்.

டொக்டர் தமிழில் பேசினார், பேராசிரியைக்கு விளங்கக்கூடாது என்று. "வீட்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மேடம். எனக்கு ஒரு மாசம் போச்சு."

"உங்களுக்கு ஒரு மாசம்தான் போனது" என்றேன்.

எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது. அதோடு ஒரு புது விதியும் வந்தது, இனிமேல் வீட்டு ஆட்களின் இரத்தம் வேண்டாம் என்று. ஆய்வுகூடத்துக்குள் ஓ வகை உள்ளவர்கள் கொடுக்கட்டும் என்றார்கள். யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால், பொருத்தமான ஆள் டொக்டர் ஒருவர்தான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவருக்கு ஜெர்மன் ஓடாது. பையை வாங்கிப் போக வந்த என்னைப் பிடித்து, நீங்களே மொழிபெயர்த்துவிடுங்கள் என்றார் வைத்தியர். அதே நாற்காலி, அதே கேள்வி. நாளாந்தம் ஏதாவது மருந்து? எனக்கு இந்த ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரியவும் விருப்பம் இல்லை. அப்படியிருந்தும் என் வாய் "இல்லை" என்று சொல்லத் துள்ளியது. உதட்டைக் கடித்துக்கொண்டு, கேள்வியை மட்டும் தமிழில் சொல்லிவிட்டு நின்றேன்.

"சுகருக்கு ஒரு மாத்திரை, காலைல" என்றார் அவர், கதவு திறந்து கிடக்க, நடைபாதைக்கே கேட்கிற குரலில். "அப்புறம் மூலத்துக்கு ஒரு லேகியம், ஊர்ல இருந்து வீட்டம்மா அனுப்புவாங்க. அதுல என்ன போடறாங்கன்னு கடவுளுக்குத்தான் தெரியும், அதையும் சொல்லிடுங்க. தூக்கத்துக்கு ஒண்ணு. இங்க வந்ததுல இருந்து தூக்கமே இல்ல. என்ன பாக்கறீங்க? சொல்லுங்க, எதுக்கு அப்புறம் என் ப்ளேட்டே வீணாகணும்?"

மூலத்தையும் லேகியத்தையும் நான் ஜெர்மனில் சொல்லி முடிக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். லேகியத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நாள் கழித்து வரச் சொன்னார் வைத்தியர். டொக்டர் சரி என்று எழும்பிப் போனார். போகிறபோது, கை கழுவினேனா என்று கேட்டுவிட்டுத்தான் போனார். அந்த ஆளை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. ஆனால் அன்றைக்கு அவர் எழும்பிய நாற்காலியை, என் கணவர் வாய் திறக்காமல் இருந்த அதே நாற்காலியை, பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் மறுபடி வந்து கொடுத்த இரத்தத்தில் என் வரிசை முட்ட முட்ட வளர்ந்தது.

இப்போது வீட்டில் குளிசைத் தகரம் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. என் கணவர் எனக்கு முன்னால் எடுத்துப் போடுகிறார். போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். அம்மாவோடு நான் அளந்துதான் கதைக்கிறேன். தட்டுகள் திரும்ப ஓடத் தொடங்கிய கிழமை ஒரு நாள், சோறு போட்டுக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

"புது இரத்தம் கிடைச்சுதோ?"

"ஓம்."

"ஆர் குடுத்தது?"

"கேட்ட கேள்விக்கு வாயைத் திறந்து பதில் சொன்ன ஒரு ஆள்" என்றேன்.